சாம்பலிக்குத் துணை தேடிய மாரி

எங்கள் வயதுக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். கோழியை எந்த நேரத்தில் பிடிப்பீர்கள்? இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பயனில்லை. என் மகனைக் கேட்டேன், "கடை திறந்திருக்கிற நேரத்திலை" என்றான். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள். வளவில் மேய்கிற கோழி பகலில் கைக்கு அகப்படாது, துரத்தினால் வேலியேறும், கூரையேறும். பொழுதுபட்டால் தானாகவே கூட்டடிக்கு வந்து நிற்கும், அப்போது பூப்பறிக்கிறமாதிரி எடுக்கலாம். இது எனக்குப் பதினொரு வயதில் தெரியவந்தது. தெரியவந்த விதம் நல்லதல்ல.

எங்கள் வீடு நாவாந்துறையில். அப்பா பரவைக்கடலில் களங்கண்டி போடுகிறவர். தடிகளை நாட்டி வலையால் மறித்து, மீன் உள்ளே வரவும் வெளியே போகத் தெரியாமல் நிற்கவும் செய்கிற வேலை அது. வீட்டில் வலையும் தடியும் உப்பும் இருந்தன. கோழி இருந்ததில்லை. முட்டை வேண்டுமானால் அம்மா பின்மதிலடியில் நின்று குரல் கொடுப்பா, மதிலுக்கு மேலால் ராத்தாவின் கை வரும்.

ராத்தா முஸ்லிம் ஆள், ராத்தா என்றால் அவர்களில் அக்கா. அவவின் புருசன் தையல்காரர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவ ராத்தாதான், சொந்தப் பேர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவவிடம் பத்துப் பன்னிரண்டு கோழிகள் நின்றன. அயல்வீட்டுக் கோழிகளோடு குழம்பாமலிருக்க ஒவ்வொன்றின் காலிலும் தையல் வெட்டில் மிஞ்சிய பச்சைச் சாட்டின் துணி கட்டியிருக்கும். ராத்தாவின் மகள் என் வயது. வேறு வேறு பள்ளிக்கூடம், ஒரே மதில். அவளுக்கென்று ஒரு கோழி இருந்தது. சாம்பல் நிறம், கொண்டை ஒரு பக்கம் சரிந்து கண்ணை மறைக்கும். சாம்பலி என்று கூப்பிட்டால் ஓடிவரும். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு பாடமாக்குவாள். எனக்கு அவளிலும் பொறாமை, கோழியிலும் பொறாமை.

மாரிமழை தொடங்குகிற நேரம். ஒருநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம், முஸ்லிம் ஆட்கள் இருக்கிற தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் போயிற்று. இயக்கத்துப் பெடியள் அவர்கள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்களை அன்றைக்கே ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். துவக்கோடு நின்று சொன்னால் ஏன் என்று கேட்க ஆளில்லை. எங்கள் ஒழுங்கையில் ஆண்கள் படலைக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

ராத்தா மதிலடிக்கு வந்தபோது நல்ல வெயில். கையில் ஒரு பை, இடுப்பில் சின்னவன். மற்ற நாட்களில் குந்தியிருந்து கதைக்கிற மனுசி அன்று நின்று கதைத்தா.

"தங்கச்சி, கோழியள் எல்லாம் வெளியிலை. இந்த வெயிலுக்கை ஒண்டையும் பிடிக்கேலாது. முட்டைக்குப் பூனை வருமெண்டு கூட்டைச் சாத்திப்போட்டன், படலையையும் பூட்டியாச்சு. பொழுதுபட அதுகள் வந்து நிக்கும். மதிலேறி வந்து கூட்டைத் திறந்து விடுவியளே?"

"ஓம் ராத்தா."

"அமானிதமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

நம்பி ஒப்படைக்கிற பொருளுக்கு அவர்கள் சொல்லுகிற சொல் அது. அம்மாவுக்கும் அது விளங்கும். "ஒரு கிழமையிலை வந்திடுவியள் ராத்தா" என்று அம்மா சொன்னா. அன்று எல்லாரும் எல்லாருக்கும் அதைத்தான் சொன்னார்கள். அம்மா அதை முழுதாக நம்பித்தான் சொன்னா.

ராத்தாவின் மகள் சாம்பலியைத் துரத்திக்கொண்டு திரிந்தாள். கூப்பிட்டால் வருகிற கோழி அன்று தெருவின் ஓட்டத்திலும் சத்தத்திலும் வெருண்டு கூரையில் ஏறிவிட்டது. தகப்பன் மூன்று தரம் கூப்பிட்ட பிறகு மதிலுக்கு ஓடிவந்தாள். "அதுக்குக் குறுணல் அரிசி போடு. சோறு தின்னாது" என்றாள். சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினாள்.

பொழுதுபட அம்மா மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஏறி மதிலைக் கடந்தா. நான் மதிலில் இருந்து பார்த்தேன். கோழிகள் எல்லாம் சாத்திய கூட்டின் முன்னால் வந்து நின்றன. ஒன்றும் சத்தம் போடவில்லை. அம்மா கதவைத் திறந்ததும் ஒவ்வொன்றாய் உள்ளே போயின. கடைசியாகச் சாம்பலி கூரையிலிருந்து இறங்கிவந்து போயிற்று. கொடியில் ராத்தாவின் உடுப்புகள் காய்ந்தபடி கிடந்தன. மழை வரப்போகிறது என்று அம்மா அவற்றையும் எடுத்து மடித்து விறாந்தையில் வைத்தா.

ஒரு கிழமை போயிற்று, பிறகு இன்னொன்று. அம்மா காலையில் மதிலேறிக் கூட்டைத் திறப்பா, மாலையில் சாத்துவா. அதற்கிடையில் அந்த வீடுகளுக்கு வேறு ஆட்கள் வந்துபோகத் தொடங்கினார்கள். முதலில் கதவுகள் போயின, பிறகு யன்னல்கள், பிறகு ஓடுகள். இடையிடையே கோழிகளும் போயின. யார் பிடித்தது என்று கேட்டால் எல்லாருக்கும் வாய் அடைத்துக்கொள்ளும், ஆனால் ஒழுங்கையில் குழம்பு மணந்தது. மாரி பிடித்துக் கொட்டிய ஒருநாள் பார்த்தால் கூட்டுக் கதவையும் காணோம். கூரைமேல் நனைந்துகொண்டு சாம்பலி மட்டும் இருந்தது.

அம்மா அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தா. அப்பா அன்றே கூடு கட்டினார். கையில் பழகிய வேலைதானே வரும். தடி நாட்டி, பழைய வலையால் சுற்றி, உள்ளே போகப் போக ஒடுங்குகிறமாதிரி வாசல் வைத்தார். சாம்பலி அழகாக உள்ளே போயிற்று. விடிய வெளியே வரத் தெரியாமல் உள்ளே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"இஞ்சேருங்கோ, அது கோழி. திரளி மீன் இல்லை" என்றா அம்மா. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் சிரித்தது அன்று மட்டும்தான்.

சாம்பலி முட்டையிட்டது. சாமான் வராத காலம். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. ஆழக்கடலுக்குப் போகத் தடை, கரையோரத்தில் கிடைப்பது கால்வயிற்றுக்குக் காணாது. ஆனாலும் அந்த முட்டைகளில் ஒன்றைக்கூட அம்மா எங்களுக்கு அவித்துத் தரவில்லை. உமிக்குள் புதைத்துப் புதைத்து வைத்தா. கோழிகள் களவு போனதுக்கு ராத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவவின் யோசனை. சாம்பலி அடைக்கு நின்றதும் அத்தனை முட்டையையும் வைத்து இருத்தினா. குஞ்சு பொரித்தால் ராத்தா வரும்போது பழையபடி பத்துப் பன்னிரண்டைக் கையில் கொடுக்கலாம் என்று கணக்கு. நானும் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று மனதுக்குள் கதைத்துப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று கிழமையும் சாம்பலி எழும்பாமல் இருந்தது. தின்னவும் குடிக்கவும் மட்டும் இறங்கும். நாள் தாண்டியும் ஒன்றும் பொரிக்கவில்லை. அம்மா ஒன்றை உடைத்தா. நாற்றமெடுத்த தண்ணீர். மற்றதும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அம்மா ஒன்றும் விளங்காமல் அப்பாவைப் பார்த்தா. அப்பா கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"சேவல் எங்கை?" என்று கேட்டார்.

அயலட்டையில் சேவல் இல்லை. கோழி வளர்த்தவர்கள் அந்தப் பக்கத்தவர்கள்தான், அவர்கள் போனதும் சேவல்களும் கறிக்குப் போய்விட்டன. கோழி வளர்த்துப் பழகாத எங்களுக்கு அது தோன்றவே இல்லை. சேவல் கூவாததைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்பா மெல்லச் சொன்னார். "அதுதான் எனக்கும் எழும்பப் பிந்துது." எங்கள் வேதக்கோயில் மணி அடிக்கிறது விடிந்த பிறகு. கடலுக்குப் போகிறவருக்கு அவ்வளவு காலமும் விடியற்காலையைச் சொன்னது சேவலும் பள்ளிவாசல் பாங்கும். அந்த மாரி முழுக்க அப்பா வத்து முறிந்து தண்ணீர் பெருகத் தொடங்கிய பிறகுதான் போய்க்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது என்று தன்னைத்தான் நொந்துகொண்டாராம்.

முட்டைகளை எடுத்த பிறகு சாம்பலி வேறு கோழியாகிவிட்டது. வெறுங்கூட்டில் இருந்தது. குறுணல் போட்டால் பார்க்காது. பொழுதுபட மதிலைத் தாண்டிப்போய்க் கதவில்லாத பழைய கூட்டின் முன்னால் நிற்கும். நான் போய்த் தூக்கிவருவேன். தூக்கும்போது நெஞ்செலும்பு கையில் குத்தும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகக் குத்தும். அதற்கு எதுவும் நடந்தால் அவளுக்கு என்ன சொல்வது என்று நான் பயந்தேன். தையல் கடை இருந்த இடத்தில் உடைந்து கிடந்த நிலைக்கண்ணாடித் துண்டொன்றை எடுத்துவந்து கூட்டுக்குள் சாத்தினேன். சாம்பலி அதன் முன்னால் போய் நின்றது. கொத்தவில்லை, கொக்கரிக்கவில்லை. அன்று இரவு கண்ணாடியோடு ஒட்டியபடி படுத்தது. அடுத்த நாள் அதன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள், கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னா. "சாகப் போறதை நத்தாருக்கு ஆக்குங்கோவன். பிள்ளையளும் இறைச்சி கண்டு எவ்வளவு நாள்."

அப்பா வலையைச் சுருட்டி வைத்தார். மாமி போனபிறகு அம்மாவிடம், "அவை இனி வாறவையில்லையப்பா" என்றார். அந்த வீட்டில் அதை முதல்முதல் வாயால் சொன்னது அவர்தான்.

"வராட்டில் வராமலிருக்கட்டும். கோழி அவையின்ரை" என்றா அம்மா.

"அது தனிச்சுச் சாகப்போகுது."

"அப்ப துணை தேடுங்கோ."

அதுவரைக்கும் வேறு கோழி வாங்க அம்மா சம்மதிக்கவில்லை. வாங்கினால் எது எங்கள் குஞ்சு, எது ராத்தாவின் குஞ்சு என்று குழம்பும், பிறரின் பொருளோடு எங்கள் பொருள் கலந்துவிடும் என்பது அவவின் பயம். அந்த நேர்மையே கோழியைத் தனியே வைத்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதை யாரும் அவவுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டா.

பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தா. ஒரு மனுசி வெள்ளை லெக்கோன் இனக் கோழி ஒன்றைத் தந்தா. பெரிய, முறைக்கிற கோழி. விட்ட நேரந்தொட்டு சாம்பலியின் சரிந்த கொண்டையில் கொத்தி இரத்தம் வரவைத்தது. அன்று பின்னேரமே அம்மா அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டா. சாம்பலி அதற்குப் பிறகு தண்ணீரும் குடிக்கவில்லை.

அப்பாவிடம் கருவாடு வாங்குகிற தோட்டக்காரர் ஒருவர் கோப்பாயில் இருந்தார். அடுத்த நாள் அப்பா பனையோலை உமல் ஒன்று நிறையக் கருவாடு கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தார். என்னை முன்னால் பாரில் ஏற்றிக்கொண்டார். நல்லூர் தாண்டும்போது வானத்தில் குண்டுபோடுகிற விமானச் சத்தம் கேட்டு இரண்டு தரம் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். கோப்பாய்க்குப் போய்ச் சேர மதியம்.

தோட்டக்காரர் இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாமல் துலாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். விசயத்தைக் கேட்டதும் சிரித்தார். "பகலிலை ஆர் கோழி பிடிக்கிறது? இருங்கோ, பொழுதுபடட்டும்."

இருந்தோம். இளநீர் தந்தார். நான் கிணற்றுக்கட்டில் இருந்து, வெங்காயப் பாத்திக்குள் கோழிகள் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்ததைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு ராத்தா ஆக்களைப் பொழுதுபடுமட்டுமெண்டாலும் விட்டிருந்தால் கோழியளையும் கொண்டுபோயிருப்பினம், என்னப்பா?"

"கதையாமல் இரு" என்றார் அப்பா. அப்பா என்னை அதட்டுகிறவர் இல்லை. முகம் மாறிப்போயிற்று. தோட்டக்காரரை ஒருதரம் பார்த்தார், படலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அது துவக்கோடு நின்றவர்களின் காதுக்குப் போகும் என்றுதான் பயந்தார் என்று விளங்க வருசங்கள் எடுத்தன. அந்தக் காலத்தில் பெரியவர்கள் முகத்தில் கண்ட கடுமையில் பாதி பயம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

"ஆர் ராத்தா?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். மதில், கூடு, பச்சைத் துணி, கூழ்முட்டை எல்லாம் சொன்னார். தோட்டக்காரர் துலாக்கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பொழுதுபட்டதும் கோழிகள் மாமரத்தடிக் கூட்டுக்கு வந்தன. அவர் கையை உள்ளே விட்டு ஒரு செந்நிறச் சேவலையும் இரண்டு விடலைப் பேடுகளையும் எடுத்தார். சேவல் அந்தக் கூட்டிலேயே நல்லது என்பது எனக்கே தெரிந்தது. உமலிலிருந்த கருவாட்டில் பாதியை அள்ளித் திருப்பித் தந்தார்.

"புதுசைப் பழசோடை வெளிச்சத்திலை விடாதையுங்கோ, கொத்துப்படும். இருட்டினாப் பிறகு பக்கத்திலை இருத்திவிடுங்கோ. விடியேக்கை எல்லாம் ஒண்டாப் படுத்தெழும்பினதெண்டு நினைக்கும்" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "நீ சொன்னது சரி பிள்ளை" என்றார். அப்பா சைக்கிளைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்கைத் தள்ளிவைத்தா. ஒவ்வொன்றாகச் சாம்பலியின் இரண்டு பக்கமும் இருத்தினோம். நான் கையை எடுக்கப் பயந்து கொஞ்ச நேரம் சாம்பலியின் முதுகில் வைத்திருந்தேன். ஒரு பேடு நெருங்கி வந்து செட்டைக்கு அருகே ஒடுங்கியது. சாம்பலி கழுத்தைத் தூக்கிப் பார்த்தது, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது.

விடியமுன் சேவல் கூவிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒழுங்கையில் படலைகள் திறக்கிற சத்தமும் கேட்டது. அப்பா எழும்பித் தடியை எடுத்துக்கொண்டு நேரத்தோடு இறங்கினார். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "பாங்குதான் இல்லை" என்றா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனா. நான் கூட்டடிக்கு ஓடினேன். சாம்பலி பேடுகளோடு நின்று குறுணல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் குஞ்சுகள் பொரித்தன. அம்மா தன் பழைய பச்சைச் சேலை ஒன்றைக் கிழித்து, ஒன்றுவிட்ட ஒன்றுக்குக் காலில் கட்டினா. கட்டியது ராத்தாவின் பங்கு, கட்டாதது எங்கள் பங்கு. எங்கள் பங்கில் குழம்பு வைப்போம், முட்டை தின்போம். பச்சைத் துணியில் கைவைக்கமாட்டோம். சாம்பலி இன்னும் சில மாரி கண்டு ஒருநாள் கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. பிறகு எங்கள் முறையும் வந்தது. சண்டை நெருங்க நாங்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மழையில் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கூடுமில்லை, கோழியுமில்லை. அப்பா மறுபடி கோப்பாய்க்குப் போனார். வந்த கோழிகளில் பாதிக்கு அம்மா மறுபடி பச்சைத் துணி கட்டினா. "உது அந்தக் கோழிகளே இல்லையே" என்றேன். "பங்கு பங்குதானே" என்றா. அப்பா காலமான பிறகும் அது நிற்கவில்லை.

போன வருசம் ராத்தாவின் மகள் வந்தாள். அவர்களில் சில குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன, அவளும் புத்தளத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி, நரை, எனக்கிருக்கிற அதே முழங்கால் நோ. பேச்சில் அந்த ஊர்ச் சாயல் கலந்திருந்தது. ராத்தா அங்கேயே மௌத்தாகி அடங்கிவிட்டா என்று சொன்னாள். நான் ஆசையோடு சாம்பலியின் கதையை எடுத்தேன். களங்கண்டிக் கூட்டுக்குச் சிரித்தாள். கண்ணாடிக்குச் சிரிக்கவில்லை. முடிவில் கேட்டாள்: "எனக்கொரு கோழி இருந்ததா?"

அவளுக்கு நினைவில்லை. ஒரு மாரி முழுக்க அவளுக்காகத்தானே அதைக் காத்தேன் என்று எனக்கு மனம் விழுந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"அண்டைக்கு நடந்ததிலை எனக்குக் கனக்க ஞாபகமில்லை. உம்மாவுக்குத்தான் கோழி நினைப்பு. முகாமிலையும் சரி, பிறகு வீடு கட்டினாப் பிறகும் சரி, பொழுதுபட்டாக் காணும், 'கூட்டைத் திறந்து விட்டிருப்பாவோ, அதுகள் வாசல்லை நிண்டிருக்குமே' எண்டு கேப்பா. வாப்பா திறந்திருப்பா எண்டு சொல்லுவார். அடுத்த நாளும் கேப்பா. மௌத்தாகுற கிழமையும் கேட்டா."

அம்மாவுக்குக் காது மந்தம். கதிரையில் இருந்தபடி, "என்னவாம்?" என்றா. நான் குனிந்து காதடியில் சத்தமாகச் சொன்னேன். அம்மா கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றா. ராத்தாவே முன்னால் நிற்கிறமாதிரித்தான் பதில் சொன்னா.

"திறந்தனான் ராத்தா. அண்டைக்கே திறந்தனான். எல்லாம் உள்ளுக்குப் போனாப் பிறகுதான் மதிலாலை இறங்கினனான்."

ராத்தாவின் மகள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அம்மா நின்றபடியே இருந்தா.

அவள் பொழுதுபடும்வரை போகவில்லை. கோழிகள் ஒவ்வொன்றாய் வந்தன. பச்சைத் துணி கட்டியவற்றை அம்மா கையால் காட்டினா. "உதுகள் உங்கடை." அவள் கூட்டடியில் குந்தியிருந்து எல்லாம் உள்ளே போகும்வரை பார்த்தாள். கடைசிப் பேடும் போனபிறகும் அப்படியே இருந்தாள்.

"கதவைச் சாத்திவிடு பிள்ளை" என்றா அம்மா அவளிடம். "பூனை வரும்."